படத்தில் இரைச்சல்

இருட்டில் இது எதைப் பார்த்து இப்படிக் கொதிக்கிறது?

கேமராவின் லென்ஸை அவள் மூடியிருந்தாள். ஆனாலும் திரையில் புள்ளிகள், புற்று கலைந்த எறும்புகளாக ஓடின. அந்தச் செய்தி நிலையத்தின் பழைய குழாய்க் கேமராவுக்கு அவள்தான் டெக்னீஷியன். இன்றைய மாலைச் செய்தியை முதலாளி வீட்டிலிருந்து பார்ப்பார். படம் தெளிவாக இருந்தால்தான் அவள் வேலை நிரந்தரம். அந்தப் பயத்தையும் மீறி, இந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்ளும் ஆசை அவளைக் குடைந்தது.

"என்னம்மா பிரச்னை?"

மேனேஜர். செய்தி வாசிப்பவரும் அவரேதான். மேக்கப் முடிந்து, கழுத்தில் துண்டோடு நின்றார்.

"படத்துல இரைச்சல் சார்."

"அந்த ஏசிதான். காலையிலேர்ந்து உறுமிக்கிட்டே இருக்கு." அணைத்துவிட்டார்.

அறை புழுங்கியது. கேமராவுக்குள் இருக்கும் படக்குழாய் சூடானால், வெளிச்சம் படாமலே மின்சாரம் கசிந்து புள்ளியாகும். புள்ளிகள் பெருகின.

"சார், இது காதுல கேக்கற இரைச்சல் இல்ல. கண்ணுல தெரியறது, இந்தப் புள்ளிங்கதான்."

"கண்ணுல இரைச்சலா? நல்லா இருக்கே கதை. இந்த லைட்டும் ரீங்காரம் போடுது பாரு."

முன் விளக்குகளையும் அணைத்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். லென்ஸைத் திறந்தால் படம் மங்கல். அதைத் தூக்கிக்காட்ட, சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரை ஏற்றினாள். படத்தோடு புள்ளியும் ஏறியது. திரையில் மேனேஜர் மணற்புயலுக்குள் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் செருப்பைக் கழட்டுங்க, சத்தமே கூடாது" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

ஒரு சொல் ஒருவருக்குப் புரியாமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் கை சரியாகத் தப்பான சுவிட்சுக்கே போகுமா?

எல்லாவற்றையும் மறுபடி போட்டாள். குளிர் பரவப் பரவப் புள்ளிகள் அடங்கின. மேனேஜர் திரும்பி வந்து உட்கார்ந்தபோது, அவருடைய நெற்றிக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது.

அவர் திரையைப் பார்த்தார்.

"மூஞ்சியில அடிக்கற அந்த ஒரு லைட்டை மட்டும் அணைச்சுடும்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எரியட்டும் சார்" என்றாள் மெதுவாக.

பவுடர் டப்பாவோடு நின்ற மேக்கப் அக்கா அவள் காதோரம் குனிந்தாள்.

"உனக்கு முன்னாடி இந்த கேமராவை வருஷக்கணக்கா ரிப்பேர் பார்த்தவரே அவர்தான்டி. முகத்துல சுருக்கம் விழுந்தப்புறம்தான் இரைச்சல்னா என்னன்னு மறந்துபோச்சு."