அவரைப் பந்தலில் அசுவினி வதம்

வாழ்க! பன்னிரண்டு மாடிக் கட்டடங்களின் வயிற்றுக்குள் இறங்கி, நடுவழியில் நின்று மாந்தரை அலறவைக்கும் இரும்புக் கூண்டுகளை ஒற்றை ஸ்பேனரால் அடக்கி, ஏறென்றால் ஏறவும் இறங்கென்றால் இறங்கவும் பணியவைத்த வடக்கயிற்று வேந்தன், கிரீஸ் மணக்கும் கரத்தினன், முன்வழுக்கை மின்னும் முடியினன், லிஃப்ட் மெக்கானிக் என்று உலகோரால் சுருக்கி அழைக்கப்படும் நம் வீரன் வாழ்க! மூன்றாம் மாடிப் பால்கனியில், ஆறடிக்கு மூன்றடி விரிந்த அந்த அகன்ற போர்க்களத்தில், பதினான்கு நாள் அவன் புரிந்த சமரை, கேட்போர் கொட்டாவி விடாதபடி சொல்ல முயல்வோம், விட்டால் பொறுத்தருள்க.

போருக்கு மூலம் ஓர் அவரைக்கொடி. அதைப் பழைய பெயின்ட் வாளியில் நட்டவர், மூச்சிரைப்பு நோயால் மெலிந்து நான்கு மாதம் முன்பு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்த மாமியார். மருமகனிடம் அவர் நாளொன்றுக்குப் பேசியவை மூன்றே வாசகங்கள்: "வந்தாச்சா", "சாப்பிடுங்க", "ஃபேனைக் குறைங்க". கொடியிடமோ மாலை முழுதும் பேசினார். பால்கனிக் கம்பியில் கட்டிய கயிற்றைப் பற்றி அது படரப் படர, அதன் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அமர்ந்த அவர் முகத்தில், இந்த வீட்டுக்கு வந்தபின் முதன்முறையாகச் சிரிப்புப் போன்ற ஒன்று தென்பட்டது. அதைக் கண்ட வீரன், நின்றுபோன லிஃப்டில் விளக்கெரிந்தது போல உள்ளம் குளிர்ந்தான்.

அந்தோ, அக்குளிர்ச்சி பொறாத விதி, கருநிறத்து மெல்லுடலுடைய, கடுகினும் சிறிய, கணக்கினும் பெரிய அசுவினிப் படையை ஏவியது! தளிரென்று இல்லை, மொட்டென்று இல்லை, ஒட்டிய இடமெல்லாம் உறிஞ்சிக் குடித்துக் கொழுத்தது அச்சேனை. இலைகள் சுருண்டன. மாமியாரின் முகமும் சுருண்டது.

அவ்வேளையில் தோன்றினான் மனைவியின் தம்பி, பூச்சிமருந்துக் கடை நடத்தும் பெருவணிகன், எலி முதல் எறும்பு ஈறாக எவ்வுயிர்க்கும் ஒரு புட்டி வைத்திருப்பவன். நீலநிறப் புட்டியைச் சங்கென உயர்த்தி அவன் முழங்கினான்: "அத்தான், ஒரே அடி! சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு மிஞ்சாது. அம்மாவ நாலு நாள் நான் கூட்டிட்டுப் போயிடறேன்."

மூடியைத் திறந்ததுதான் தாமதம். நெடியேறி மாமியார் இருமிய இருமலில் பால்கனிக் கம்பியே அதிர்ந்தது. மனைவி ஓடிவந்து தாயின் முதுகைத் தடவினாள். இருமலுக்கு இடையே மாமியார் கொடியைப் பார்த்தார். கொடியைக் கடந்து மகனைப் பார்த்தார். பிறகு, போகச் சொன்னால் போகவேண்டியவர் பார்க்கும் பார்வையாக, தரையைப் பார்த்தார்.

அப்பார்வை வீரனின் நெஞ்சில் தைத்தது. எழுந்தான், கைலியை இறுக்கினான், வஞ்சினம் மொழிந்தான்: "விஷம் இந்த வாசப்படி தாண்டாது! அத்தையும் எங்கயும் போகமாட்டாங்க! ரெண்டு ஞாயிறு டயம் குடு. அதுக்குள்ள ஒரு பூச்சி இருந்தாலும் நீ வந்து அடிச்சிக்கோ!"

"பாக்கலாம் அத்தான்," என்று நகைத்துப் புட்டியோடு போனான் வணிகன்.

முதல் நாள் நீர்க்கணை. குழாயில் ரப்பர் டியூபைச் செருகி, வாயை விரலால் அழுத்தி, பொங்குகடல் பாய்ந்ததெனப் பீய்ச்சினான். அசுவினிகள் ஆயிரமாயிரமாய் உதிர்ந்தன. கீழ்வீட்டு டீச்சர் காயப்போட்ட ஆறு புடவைகளும் நனைந்தன. "மேல யாருங்க அது?" என்ற குரல் இடியென எழ, வீரன் மண்டியிட்டுச் சுவர் மறைவில் பதுங்கினான். போர்நூல்கள் இதனைத் தந்திரமான பின்வாங்கல் என்னும்.

மூன்றாம் நாள் பூண்டும் பச்சைமிளகாயும் அரைத்து, வடிகட்டி, சோப்புநீர் கலந்து, அக்கினிக் கணைக்கு நிகரான கரைசலைத் தெளிப்பானில் நிரப்பினான். காற்றின் திசையை மட்டும் கேட்க மறந்தான். எதிர்க்காற்றில் திரும்பிய கணை எய்தவன் கண்ணிலேயே பாய, ஒரு நாழிகை தண்ணீர்த் தொட்டியில் முகம் புதைத்துக் கிடந்தான் அம்மாவீரன். "மிக்ஸியெல்லாம் காரம்," என்று மனைவி உரைத்த இரங்கற்பா அவன் காதில் விழவில்லை.

ஆயினும் பகைவர் பாதியாயினர். ஆனால் மறுநாளே மீண்டும் பெருகினர். ஏனென்று நோக்கியவன் திகைத்தான். எறும்புகள்! அசுவினி கக்கும் தேன்துளியைக் குடித்துக்கொண்டு, ஆயர் பசுவைக் காப்பதுபோல அவற்றைக் காத்து, வரும் பகையையெல்லாம் கடித்து விரட்டும் கூலிப்படை, வாளியிலும் கயிற்றிலும் வரிசைகட்டி நின்றது. வீரன் சிரித்தான். இது அவன் துறை. வடக்கயிற்றுக்கு இடும் கிரீஸைத் துணிப்பட்டையில் பூசித் தண்டைச் சுற்றிக் கட்டினான். கயிற்று நுனிகளிலும் கட்டினான். சுவரில் உரசிய இலைகளைக் கிள்ளினான். எறும்புச் சேனை பட்டைவரை வந்து, மோந்து, நின்று, திரும்பியது. பழுதான லிஃப்டின் முன் நிற்கும் குடித்தனக்காரரின் முகம் அவற்றுக்கு.

எட்டாம் நாள் வந்தது பேரிடர். இலைகளின் நடுவே, கரிய முதலை போன்ற, முள்முதுகில் செம்மஞ்சள் பொட்டிட்ட கோர உருக்கள் ஊர்ந்தன. "புதுப்படை அனுப்பிட்டானுங்க!" என்று கர்ஜித்து, இடுக்கியால் ஒவ்வொன்றாய்ப் பற்றிச் சோப்புநீர் மக்கில் அமிழ்த்தினான். பதினொன்று மாண்டன. பன்னிரண்டாவதை அவன் இடுக்கி நெருங்குகையில், நாளிதழ் படிக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடியின்மேல் பிடித்திருந்த மாமியார், நான்கு மாத மூன்று வாசக விரதத்தை உடைத்துக் கத்தினார்.

"ஐயோ, நில்லுங்க மாப்பிள்ளை! இங்க வந்து பாருங்க, இது என்னத்த திங்குதுன்னு!"

இரு தலைகளும் ஒரே கண்ணாடிக்குள் குனிந்தன. அந்தக் கோர உரு ஓர் அசுவினியை முன்காலால் பற்றி, சவைத்து, தோலைத் துப்பி, அடுத்ததை எட்டியது. அது பொறிவண்டின் குஞ்சு. அழைக்காமலே வந்த துணைப்படை. அதில் பதினொரு வீரரைத் தன் கையாலேயே மக்கில் அமிழ்த்திய பெருமகன், இடுக்கி நழுவ, தரையில் சரிந்து அமர்ந்தான்.

"நான் ஒரு முட்டாள் அத்தை."

"போகட்டும் விடுங்க," என்றார் மாமியார். "அந்தப் பக்கத்து இலையில இன்னும் ஏழெட்டு இருக்கு. நீங்க சும்மா இருந்தாலே போதும்."

சும்மா இருத்தல்! ஸ்பேனர் பிடித்த கைக்கு அதனினும் கடிய தவம் உண்டோ? எனினும் ஆற்றினான். வேலை விட்டு வந்ததும் மாமியாருக்கு அருகே ஸ்டூல் போட்டு அமர்ந்தான். கண்ணாடி கைமாறிக் கைமாறிச் சென்றது. எது எத்தனை தின்றது என்று இருவரும் வாதிட்டார்கள். மிகவும் தின்றதற்கு 'குண்டன்' என்று பட்டம் சூட்டினார்கள். ஒருநாள் பேச்சு கொடியை விட்டு விலகி, மூச்சு முட்டும்போது அவர் தனியே கிடந்து அஞ்சிய பழைய வீட்டுக்கும் போய்விட்டு வந்தது.

இரண்டாம் ஞாயிறு, முதுகில் விசைத்தெளிப்பானும் முகத்தில் முகமூடியுமாக, ஊழிக்காலப் பூதமென நுழைந்தான் வணிகன். இலையைப் புரட்டினான். தண்டைத் தடவினான். கண்ணாடி வாங்கிப் பார்த்தான். ஒரு பூச்சிகூட இல்லை. சிவந்த பொறிவண்டு ஒன்று மட்டும் அவன் முகமூடிமேல் வந்தமர்ந்தது.

"டேய், அதத் தட்டாத," என்றார் தாய். "அது மாப்பிள்ளையோடது."

வணிகன் தெளிப்பானை இறக்கி வைத்தான். வெற்றி முரசு வானதிர முழங்க, மருமகன் பிடித்த ஸ்டூலின் மேலேறி, மாமியார் தாமே காய் கொய்தார். விளைந்த காய் மொத்தம் ஏழு. கண்ணில் நீர்மல்க அவற்றை முறத்தில் ஏந்தி, கொற்றவன் பெற்ற திறைப்பொருளென, வீரன் சமையலறைக்குள் எழுந்தருளினான்.

ஏழு காய் நாலு பேருக்குப் பத்தாது என்று மனைவி சொல்ல, அவன் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அரைக் கிலோ வாங்கி வந்தான்.