அழற்சியார்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. மருத்துவம் படித்திருக்காது, ஆனால் மருத்துவத்தில் ஒரே ஒரு விஷயத்தைப் படித்திருக்கும். ஒன்றுமே தெரியாதவரால் உங்களுக்கு ஆபத்தில்லை. நிறையத் தெரிந்தவரோ வாயைத் திறக்கவே யோசிப்பார். இந்த இனத்துக்குத் தெரிந்தது ஒன்று. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு உங்கள் முழங்கால் வலியிலிருந்து உங்கள் மாமனாரின் முன்கோபம் வரை அத்தனைக்கும் காரணம் சொல்லிவிடும். நீங்கள் பார்க்காமலா இருப்பீர்கள்? லிஃப்டில் உங்களோடு ஏறியிருப்பார், நீங்கள் தெரியாத்தனமாக ஒரு தும்மல் போட்டிருப்பீர்கள், உங்கள் மாடி வந்து கதவு திறந்து மூடி மறுபடி கீழே இறங்கிய பிறகும் அவர் முடித்திருக்க மாட்டார்.

நாம் பார்க்கப்போகிறவர் குடிநீர் வாரியத்தில் பராமரிப்புப் பொறியாளர். தரைத்தளத்தில் எப்போதும் ஈரவாடை வீசும் அறை. சுவர் முழுக்கக் குழாய்ப் பாதை வரைபடங்கள். மேசைக்கடியில், ரோட்டைத் தோண்டி வெட்டியெடுத்த பழைய இரும்புக் குழாய்த் துண்டுகள், உள்ளே துருவும் சுண்ணாம்பும் படிந்து வாய் குறுகிப்போய்க் கிடக்கும். புகார் கொடுக்க வருகிறவர்களிடம் அதில் ஒன்றைத் தூக்கிக் காட்டி, நெஞ்சுக்குள்ளேயும் இதே கதைதான், கொழுப்பு படிகிறது, ஒருநாள் அடைக்கிறது என்று பல வருஷமாகப் பயமுறுத்தி வந்தார். அந்தக் காலத்தில் அவர் தாங்கக்கூடிய ஆளாகத்தான் இருந்தார். ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவார்.

கெடுத்தது ஒரு சொற்பொழிவு. ஊழியர்களுக்காக வாரியமே ஓர் இதய மருத்துவரை அழைத்திருந்தது. நம்மவர் போனதென்னவோ கூட்ட அரங்கின் ஏ.சி.க்காக. ஆனால் மருத்துவர் எடுத்த எடுப்பிலேயே, இரத்தக்குழாயை வீட்டுக் குழாயாக நினைக்காதீர்கள் என்றாரா, இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரத்தக்குழாயின் சுவருக்கு உயிர் உண்டாம். கொழுப்பு அதன்மேல் பூசிக்கொள்வதில்லை, சுவருக்குள்ளேயே புகுந்துகொள்கிறதாம். அதை விழுங்க வெள்ளை அணுக்கள் ஓடிவருகின்றன. விழுங்கி விழுங்கி உப்பி அங்கேயே சாகின்றன. செத்தவற்றை அப்புறப்படுத்த இன்னும் வருகின்றன. சுவர் புண்ணாகிக் கனன்றுகொண்டே இருக்கிறது. அதற்குப் பெயர்தான் அழற்சி. என்றைக்காவது அந்தப் புண்ணின் மேல்மூடி கிழிந்தால், அந்த இடத்தில் இரத்தம் உறைந்து, அதுவரை பாதிகூட அடைபடாத குழாய் நிமிஷங்களில் முழுசாக அடைத்துக்கொள்ளும்.

பிறகு மருத்துவர் தண்ணீர் குடித்துவிட்டு, "ஆனாலும்" என்று ஆரம்பித்தார். அந்த ஆனாலும் எங்கே போய் முடிந்தது என்பது நம்மவருக்குத் தெரியாது. அதற்குள் அவர் வெளியே வராந்தாவில் டிரைவரைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாளே குழாய்த் துண்டுகள் பழைய இரும்புக்குப் போயின. பார்க்கிறவர்களையெல்லாம் வாயைத் திறக்கச் சொன்னார். ஈறு வீங்கினால் இதயமும் வீங்கும் என்றார். கண்காணிப்பாளரின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டப்போகும் நேரத்தில், அந்தக் கேக் உள்ளே போய் என்னென்ன செய்யும் என்பதை நிறுத்தி நிதானமாக விளக்கினார். கேக் அப்படியே காவலாளி வீட்டுக்குப் போயிற்று. தெருவில் தண்ணீர் வரவில்லை என்று போன் செய்த அம்மாளிடம், உங்கள் குரல் கம்மியிருக்கிறதே, எத்தனை நாளாக என்று கேட்டார். சி.ஆர்.பி. என்று ஒரு இரத்தப் பரிசோதனை, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுவது. அதை எடுத்துப் பார்க்காதவர் அந்தத் தளத்தில் ஒருவரும் இல்லை என்றாயிற்று. வரைபடப் பிரிவுக்காரர் அவருக்கு அழற்சியார் என்று பெயர் வைத்தார். அது அவர் காதுக்கும் எட்டியது. பட்டம் என்றே எடுத்துக்கொண்டார்.

அவருடைய மனைவி கணக்கு டீச்சர். விடைத்தாளில் தப்பான கணக்கை முழுசாகப் படிக்காமலே எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கும் பழக்கம் உள்ளவர். வீட்டில் அழற்சி ஆரம்பித்தால் "ம்" என்பார். அந்த "ம்" சம்மதமல்ல என்பது கணவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து புரிந்ததில்லை.

அழற்சியாருக்கு அசல் சீடர் ஒருவர்தான். டீச்சரின் தம்பி. கல்யாணமே வேண்டாம் என்று ஓர் அச்சகத்தைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிறவர். அக்கா சொல்வதைக் கேட்க மாட்டார், அத்தான் சொன்னால் தட்ட மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்தார். கொலஸ்ட்ராலுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடுவதாகவும், அதிலிருந்து கெண்டைக்கால் ஓயாமல் வலிப்பதாகவும் சொன்னார். டாக்டரிடம் சொன்னாயா என்று கேட்டிருக்கலாம். கேட்பாரா?

"மாப்பிள்ள, கொழுப்பு சும்மா வேடிக்க பாக்க வந்தவன். நெருப்பு வெச்சவன் வேற ஆளு."

"அப்ப நிறுத்திரலாமா, அத்தான்?"

"நானா இருந்தா நிறுத்திருவேன்."

இந்த "நானா இருந்தா" என்பதைக் கவனியுங்கள். இந்த இனத்தை அடையாளம் காண இதைவிட நல்ல குறி கிடையாது. அவர் நிறுத்துவதற்கு அவரிடம் ஒரு மாத்திரையும் இல்லை. அவர் நெஞ்சு நன்றாகத்தான் இருந்தது. அடுத்தவர் நெஞ்சில்தான் அவருக்கு அவ்வளவு தைரியம்.

மாத்திரைக்குப் பதிலாகக் காலையில் நடை, ராத்திரி உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பு, சர்க்கரைக்குத் தடை என்று ஏற்பாடாயிற்று. கால்வலி போயிற்று. கொஞ்ச நாள் கழித்து எடுத்த சி.ஆர்.பி.யும் சரியாக இருந்தது. அத்தானும் மாப்பிள்ளையும் சர்க்கரையில்லாத டீயை முகம் சுளிக்காமல் குடித்துக் கொண்டாடினார்கள். அக்காவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்பதிலும் ஒத்துப்போனார்கள்.

அரை வருஷம் போனது. ஒரு மத்தியான வேளையில் காகிதக் கட்டைத் தூக்கி மிஷின் பக்கத்தில் வைத்த தம்பி, அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க நனைந்த மாதிரி வியர்வை. நெஞ்சில் யாரோ ஏறி நிற்கிறார்கள் என்றாராம். அச்சகத்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் விரலில் சாக்பீஸ் தூளோடு வந்தார். அழற்சியார் எப்படி வந்தார் என்று அவருக்கே நினைவில்லை.

அவசரப் பிரிவுக் கதவைத் திறந்துகொண்டு வந்தது இளவயது டாக்டரம்மா. இ.சி.ஜி.யில் மாரடைப்பு தெரிகிறது, உடனே உள்ளே கொண்டுபோய் அடைப்பை எடுக்கப்போகிறோம் என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டே, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். டீச்சர், கொலஸ்ட்ரால் மாத்திரை மட்டும்தான், அதிலெல்லாம் அவன் ரொம்ப ஒழுங்கு, ஒருநாள்கூட விடமாட்டான் என்றார். டாக்டரம்மா தலையாட்டிவிட்டுத் திரும்பினார்.

அழற்சியார் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. விஷயம் தெரிந்த இன்னொருவர் பேசும் நிலையில் இல்லை. வாழ்க்கையில் முதன்முறையாக அவரிடம் ஒரு விஷயம் இருந்தது, அதைச் சொல்ல வாய் வரவில்லை. கதவு மூடப்போகும் சமயத்தில்தான் வந்தது.

"இல்ல டாக்டர். மாத்திரய நிறுத்தி ஆறு மாசம் ஆச்சு. நாந்தான் நிறுத்தச் சொன்னேன்."

"நீங்க டாக்டரா?"

"இல்ல. குடிநீர் வாரியம்."

டாக்டரம்மா அதைக் குறித்துக்கொண்டு உள்ளே போனார். டீச்சர் கணவரைப் பார்த்தார். அவர் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததும், நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார். ஒரு நாற்காலி தூரம் எவ்வளவு என்று அன்றைக்கு அழற்சியாருக்குத் தெரிந்தது. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. உள்ளே படுத்திருப்பவன் எழுந்து வந்து, அத்தான், என்ன இது, இப்படி ஆயிடுச்சு என்று கேட்டால்கூடப் போதும் என்றிருந்தது.

தம்பி பிழைத்துக்கொண்டார். குழாயை விரித்து நிறுத்தும் ஸ்டென்ட் வைத்து வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு, டாக்டரம்மா அழற்சியாரை உட்காரவைத்துப் பேசினார். அழற்சி உண்மைதான், அதைத் தணிக்கும் மருந்தைக் கொடுத்து ஆராய்ந்ததில், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களில் சிலருக்கு அது மறுபடி வராமல் தடுத்திருக்கிறது. அதே சமயம் காவலுக்கு நிற்கும் அணுக்களையும் சேர்த்து அடக்குவதால், சில மருந்துகளில் தொற்றுநோய் கூடியதும் உண்டு. ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. ஆனால் புண்ணுக்குத் தீனி போடுவது அந்தக் கொழுப்புதான். நீங்கள் நிறுத்தச் சொன்ன மாத்திரை கொழுப்பையும் குறைக்கும், அழற்சியையும் கொஞ்சம் தணிக்கும். கால் வலித்தால் அளவை மாற்றலாம், வேறு மருந்து இருக்கிறது. இரத்தத்தில் சி.ஆர்.பி. சரியாக இருந்தால் குழாய்ச் சுவரும் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

"அப்ப நான் சொன்னது தப்பா டாக்டர்?"

"தப்பில்ல சார். பாதி. மீதியக் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டீங்க."

தம்பி கட்டிலில் படுத்தபடி, நிறுத்தியது என் கைதானே அத்தான், விடுங்க என்றார். அது இன்னும் சுட்டது. டீச்சரும் அவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். கதவைத் திறக்கும்போது டீச்சர் சொன்னார்.

"உங்களுக்குத் தெரிஞ்சது தப்பில்லங்க. தெரியாததத் தெரியாதுன்னு சொல்ல உங்களுக்கு வாய் வரல, அதான்."

அதற்குப் பிறகு குடிநீர் வாரியத்தின் தரைத்தளம் அமைதியாயிற்று. கண்காணிப்பாளர் கேக் வெட்டினார், எல்லோரும் தயங்கித் தயங்கி அழற்சியாரைப் பார்த்தபடியே தின்றார்கள். அவரிடமிருந்து பேச்சே இல்லை. வரைபடப் பிரிவுக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை; சார், உடம்பு ஏதும் சரியில்லையா என்று கேட்டே விட்டார். யாராவது வந்து மாத்திரை பற்றி ஆரம்பித்தால், "டாக்டரக் கேளுங்க" என்று மட்டும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் கசப்பு மருந்தை விழுங்குகிற மாதிரிதான் அதைச் சொல்வார்.

மனிதர் திருந்திவிட்டார். இனம் திருந்தவில்லை. அச்சகத்துக்குத் திரும்பிய தம்பிக்கு இப்போது நேரடி அனுபவம் இருக்கிறது. விசிட்டிங் கார்டு அடிக்க வருகிற ஒருவரும் தப்பிப்பதில்லை. ஸ்டென்ட் எப்படிப் போகிறது, எங்கே விரிகிறது என்று மேசைமேல் ரப்பர் பேண்டை வைத்து விளக்குகிறார். ஒருநாள் அத்தான் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே வாடிக்கையாளர் ஒருவர், தனக்கும் அடிக்கடி நெஞ்சு கரிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். தம்பி, "நானா இருந்தா..." என்று ஆரம்பித்தார்.

அழற்சியார் எழுந்தார். வாடிக்கையாளரின் தோளில் கைபோட்டு, ஆட்டோவில் ஏற்றி, டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள், கார்டை நாளைக்கு அடித்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவைத்தார். மாப்பிள்ளைக்கு முகம் தொங்கிப்போயிற்று.

இதைப் படிக்கையில் உங்களுக்கு யாரோ ஒருவர் முகம் ஞாபகம் வந்திருக்கும், இதை அவருக்கு அனுப்பவேண்டும் என்றும் தோன்றியிருக்கும். அனுப்புங்கள். ஆனால் வெள்ளை அணு, கிழிந்த மூடி என்று மேலே வந்த நாலு வரியை நாளைக் காலையில் யாரிடமோ எடுத்துவிடத்தான் போகிறீர்கள். யாரிடம் என்பதுகூட இந்நேரம் முடிவாகியிருக்கும். பாவம், அவர் உங்களை இன்னும் பேசிப் பழகத்தக்க ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.