முதல் வரியில் மச்சான் பெயர்

அபிராமம்,
சித்திரை 14.

மதிப்பிற்குரிய மச்சான் செல்லச்சாமி அவர்களுக்கு,

திருவாடானையில் குடும்பத்தோடும் கோபத்தோடும் தாங்கள் சுகமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். இங்கன நானும் தங்கள் தங்கை முருகலட்சுமியும் மகள் யுவராணியும் சுகம். லேப்டாப் மட்டும் சுகமில்லை.

நாலு வருஷமாக என் போனை நீங்கள் எடுப்பதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் கொத்தனார் பெயர் வரைக்கும் போட்டுவிட்டு, கூடப்பிறந்தவளின் புருஷன் பெயரைப் போடாமல் விட்டீர்களே, அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசப்போவதில்லை. பேசினால் நிறையப் பேச வேண்டியிருக்கும்.

விஷயம் இதுதான். வைகாசி 20 யுவராணிக்குக் கல்யாணம். பத்திரிகையை அவள் காலேஜில் இனாமாகக் கொடுத்த லேப்டாப்பில் அடித்து வைத்திருந்தாள். மொத்தம் நாற்பத்து மூன்று பெயர். யாருக்கு மேலே யார், யாருக்குப் பக்கத்தில் யார் என்று பங்காளிகளோடு மூன்று மாசம் மல்லுக்கட்டி முடிவான வரிசை. அதில் தாய்மாமன் என்று உங்கள் பெயர்தான் முதல் வரியில், கொட்டை எழுத்தில் இருந்தது என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன். அச்சகத்துக்குக் கொடுக்கலாம் என்று பட்டனை அமுக்கினால் லேப்டாப் திறக்கவில்லை. லைட் எரிகிறது, உள்ளே காத்தாடி சுத்துகிறது, படம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. தட்டிப் பார்த்தேன், சாமி படத்துக்கு முன்னால் வைத்தும் பார்த்தேன், ஒண்ணும் ஆகவில்லை.

பக்கத்து வீட்டு முத்தழகு வந்து பார்த்துவிட்டு, "மாமா, இது மெஷின் கோளாறு இல்ல, கிரகக் கோளாறு. தேவிபட்டினத்துக் கடலுக்குள்ள இருக்குற நவபாஷாணத்தைச் சுத்திட்டு வாங்க, எல்லாம் சரியாப்போகும்" என்றான். அவன் சுத்தச் சொன்னது என்னைத்தான். நான் புத்திகெட்டுப்போய் லேப்டாப்பையும் மஞ்சப்பையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கினேன். ஆறாவது சுத்தில் பாசி வழுக்கிவிட்டது. என்னைப் பிடிக்க நாலு பேர் ஓடிவந்தார்கள், லேப்டாப்பைப் பிடிக்க ஒரு பயலும் வரவில்லை. உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட வீட்டுக்குக் கொண்டுவந்து, களத்தில் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்ததே, அங்கனயே ஓரமாகக் காயவைத்தேன். சாயங்காலம் வத்தல் அள்ளியவர்கள் அதையும் சேர்த்து அள்ளிச் சாக்கில் கட்டிவிட்டார்கள். மூணு மூட்டையை அவுத்துக் கொட்டித் தேடினோம். உங்கள் தங்கை தும்மிக்கொண்டே என்னைத் திட்டினாள், திட்டிக்கொண்டே தும்மினாள், எது எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை.

மறுநாள் ராமநாதபுரத்தில் அஃப்ரித் என்கிறவர் லேப்டாப் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். நல்ல பிள்ளை, பொறுமைசாலி. ஸ்குரூவைக் கழட்டி மூடியைத் திறந்தாரோ இல்லையோ, கடையில் இருந்த அத்தனை பேரும் தும்ம ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளேயிருந்து ஒரு கை மிளகாய் விதையை அள்ளி மேசையில் போட்டு, "அய்யா, இதைச் சரி பண்ணணுமா, தாளிக்கணுமா?" என்று கேட்டார். கடைசியில் கையை விரித்துவிட்டார். எல்லாம் போச்சு மச்சான், நாற்பத்து மூன்று பெயரும் போச்சு.

இது வெளியே தெரிந்ததுதான் தாமதம், பங்காளிகள் ஒவ்வொருத்தராக வீட்டுக்கு வந்து "என் பேருதான மொதல்ல இருந்துச்சு?" என்கிறார்கள். முதல் இடத்துக்கு மட்டும் இதுவரை பதினோரு பேர். பத்திரிகையிலேயே இல்லாத ஒருத்தர் வந்து, தன் பெயருக்குப் பக்கத்தில் போட்டோவும் இருந்தது என்று அடித்துச் சொல்கிறார்.

ஆகவே, தங்கள் பெயரை எப்படிப் போடவேண்டும், பெயருக்கு முன்னால் 'கவுன்சிலர்' என்று சேர்க்கவேண்டுமா என்பதை வெள்ளிக்கிழமைக்குள் எழுதவும். இதை நான் இறங்கி வந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லேப்டாப் கெட்டுப்போனதால் கேட்கிறேன், அவ்வளவுதான். தாய்மாமன் மாலை போடாமல் பிள்ளை எப்படி மணவறை ஏறும்? அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைத்தான் பார்க்க முடியவில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, தங்களுக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ப. தர்மராஜ்

பின்குறிப்பு: அண்ணே, நான் முருகலட்சுமி. கவரை ஒட்டச் சொல்லி என் கையில குடுத்துட்டுக் குளிக்கப் போயிருக்காரு. லேப்டாப்பு போச்சுதான், பத்திரிகை போகவே இல்ல. அந்தக் கடைக்காரத் தம்பி உள்ளருந்து எதையோ கழட்டித் தன்னோட கம்ப்யூட்டர்ல மாட்டுச்சு, பத்து நிமிசத்துல பத்திரிகை வந்துருச்சு. நானும் கூடத்தான் இருந்தேன். அதுல உங்க பேரே இல்லண்ணே. இவருதான் போடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. அந்தத் தம்பி படிச்சுப் பார்த்துட்டு, "பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லையாய்யா?"ன்னு சாதாரணமாத்தான் கேட்டுச்சு. இவருக்கு மொகமே செத்துப்போச்சு. "இருக்காருப்பா, மேல ஒரு வரி எடம் விடு"ன்னு சொல்லி, ஒத்த வெரலால தட்டித்தட்டி உங்க பேரை அவரே அடிச்சாரு. அர மணி நேரமாச்சு. அன்னைக்கே அச்சுக்குக் குடுத்து ஐநூறு பத்திரிகையும் வந்துருச்சு. நேர்ல வந்து குடுக்கப் பயந்துக்கிட்டுத்தான் இந்த லெட்டரு. நீங்க பதில் போட வேணாம். ஞாயித்துக்கிழமை காலையில மொத பஸ்ஸுல இவரைக் கூட்டிக்கிட்டு நானே வாரேன். லேப்டாப்பு செத்த கதையை முழுசா உங்ககிட்டச் சொல்லுவாரு. சிரிச்சுராம கேட்டுக்குங்கண்ணே.