எங்கிருந்தோ ஒரு டக்

டக்.

தெருமுனை திரும்பியதும் மறுபடியும் கேட்டது. சைக்கிளைச் சும்மா உருளவிட்டால் சத்தமில்லை. வலது காலால் மிதித்தால் மட்டும் டக்.

பூதக்கண்ணாடி பிரேக்கைப் பிடித்து, ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினார். பூதக்கண்ணாடி என்பது ஆபீசில் வைத்த பட்டப்பெயர். காப்பீட்டு நிறுவனத்தில், அடிபட்ட வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, எது விபத்தில் நசுங்கியது, எது போன வருஷமே நசுங்கிக் கிடந்தது என்று பிரித்துச் சொல்வதுதான் அவர் உத்தியோகம். கார் கதவில் விரலால் தட்டிவிட்டு, "இது மறுபெயிண்ட்" என்பார். சொந்தக்காரர் அசடு வழிவார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு பழைய ரேஸ் சைக்கிளை வாங்கும்போது இப்படி ஒரு சத்தத்தைக் கோட்டை விட்டிருந்தார்.

காரணம் வெட்கம். அவர் கடைசியாக சைக்கிள் ஓட்டியது பள்ளிக்கூடத்தில் படித்தபோது. இதுவோ விரல் பருமன் டயரும், ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டிலுமாக நின்றது. விற்ற பல் டாக்டர், "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்களேன்" என்று எவ்வளவோ சொன்னார். "எனக்குப் பார்த்தாலே தெரியும்" என்று இவர் கெத்தாகச் சொல்லிவிட்டு, வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார். விலை மலிவு என்ற சந்தோஷத்தில் தள்ளுவது கூடச் சுகமாக இருந்தது.

சரி, சத்தம் வருகிறது, வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்றால், அங்கேதான் சிக்கல். வீட்டில் ஏற்கெனவே உடற்பயிற்சிக்கென்று அவர் வாங்கிய ஓடும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதில் துணி காய்ந்தது. கம்பி அறுந்த கிடார் ஒன்று பீரோவின் மேல் படுத்திருந்தது. நீச்சல் கண்ணாடியை மகள் வெங்காயம் நறுக்கும்போது போட்டுக்கொள்வாள். சைக்கிள் வந்த அன்று மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இது எத்தனை நாளைக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது.

"வர்ற ஞாயித்துக்கிழமை உன் தம்பியோட ஏரிக்குப் போயிட்டு வந்து காட்டறேன்."

"போகலைன்னா?"

"வித்துடு. இனிமே நான் ஏதாவது வாங்கினா ஏன்னு கேளு."

மனைவியின் தம்பி வாராவாரம் சைக்கிளில் ஏரி வரைக்கும் போய்விட்டு, வியர்வையும் பெருமையுமாகத் திரும்பி வருகிறவன். அவனுக்கும் சேதி போய்விட்டது. எனவே சத்தம் விஷயத்தைப் பூதக்கண்ணாடி யாரிடமும் மூச்சு விடவில்லை. சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே வைத்துப் பூட்டினார். வழக்கம்போலப் போனில் யாரோ ஒரு லாரிக்காரரிடம் சண்டை போட்டபடி மூன்று மாடி ஏறினார். வழக்கம்போல, அழைப்பு மணியில் கை வைப்பதற்கு முன்பே மனைவி கதவைத் திறந்தாள்.

இதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. பல வருஷமாக அவர் மணி அடித்ததே இல்லை. ஆபீசில் இளவட்டங்கள் காதல் கீதல் என்று பேச ஆரம்பித்தால் இதை எடுத்துவிடுவார். "நான் எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது. அவளுக்குத் தெரியும். மனசுன்னு ஒண்ணு இருக்குப்பா." மனைவியிடம் எப்படி என்று கேட்டால், "தெரியும்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

மறுநாள் முதல் வேலையாகச் சீட்டை இறக்கினார். ஒருவேளை சீட்டுக் கம்பிதான் சத்தம் போடுகிறதோ என்று ஒரு சந்தேகம். இரண்டு காலும் தரையில் ஊன்றினால் பயமில்லை என்பது இன்னொரு காரணம், அதை வெளியே சொல்லவில்லை. இறக்கிய பிறகு ஓட்டினால் முட்டி மார்பில் இடித்தது. சத்தமும் முன்னைவிடப் பலமாகக் கேட்டது. இப்போது டக் இல்லை, டடக்.

பல் டாக்டருக்குப் போன் போட்டார்.

"டாக்டர், உங்க வண்டியில ஒரு சத்தம் வருது."

"எங்கிட்ட இருந்த வரைக்கும் அது வாயே திறக்கல சார்."

"இப்ப திறக்குது."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம், கீழ."

"வலி ஏதாவது இருக்கா?"

"சைக்கிளுக்கா?"

"மன்னிச்சுக்கங்க சார், பழக்க தோஷம்" என்று டாக்டர் வைத்துவிட்டார். தப்பிக்கப் பார்க்கிறான் என்று பூதக்கண்ணாடி முடிவு கட்டினார். தொழிலில் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்தவர்.

சைக்கிள் கடைக்காரர் ஏறி ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, உதட்டைப் பிதுக்கினார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல சார்."

"நீங்க ஒல்லி. வெயிட்டு ஏறினாத்தான் வண்டி உண்மையைப் பேசும்."

பூதக்கண்ணாடி ஏறி மிதித்துக் காட்டினார். கடைக்காரர் கூடவே ஓடி வந்தார். டடக், டடக்.

"ஆமா சார், கேக்குது" என்றார் கடைக்காரர், முகம் மலர. "பெடலா இருக்கும்."

பெடல் மாறியது. புதுப் பெடல் வழுக்கி, கணைக்கால் எலும்பில் ஒரு போடு போட்டது. சத்தம் அப்படியே இருந்தது. பெடல் இல்லையென்றால் அது மாட்டியிருக்கும் தண்டு, தண்டு இல்லையென்றால் உள்ளே சுற்றும் பேரிங் என்று கடைக்காரர் படிப்படியாக உள்ளே போனார். ஒவ்வொன்றும் மாறியது. ஒவ்வொரு முறையும் பூதக்கண்ணாடி, சத்தம் போய்விட்டதா என்று காலனியை முன்னைவிட அதிகமாகச் சுற்றினார். சுற்றச் சுற்றச் சத்தம் தெளிவாகிக்கொண்டே வந்தது.

பிறகு செயின். பிறகு பின்சக்கரம். பின்சக்கரம் மட்டும் பளபளவென்று இருந்தால் மனைவி கண்டுபிடிப்பாள் என்று முன்சக்கரமும். சனிக்கிழமை சாயங்காலம் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தார்.

"இனி மிச்சம் என்ன இருக்கு?" என்றார் பூதக்கண்ணாடி.

"பிரேம் ஒண்ணுதான் சார்."

"அப்ப அதுதான் திருடன். வெல்டிங்குல விரிசல் இருக்கும். என் அனுபவத்துல இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது."

"மேல பரண்ல இதே அளவு ஒண்ணு கிடக்கு. கறுப்புதான்."

"மாட்டுங்க."

"பழைய சாமானெல்லாம்?"

"நீங்களே வச்சுக்கங்க. என் கண்ணுல காட்டாதீங்க."

ஹேண்டில், சீட்டு உட்பட எல்லாம் புதுசாக இருக்கட்டும் என்று அவற்றையும் மாற்றச் சொன்னார். கடைசியில் பல் டாக்டரிடம் வாங்கியதில் மணி மட்டும்தான் மிஞ்சியது. "மலிவா வந்த வண்டி" என்று இனி யாரிடமும் சொல்ல முடியாத நிலைமை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மைத்துனன் தலைக்கவசமும் இறுக்கமான கால்சட்டையுமாக வாசலில் நின்றான்.

"கிளம்பலாமா மாமா? அக்கா பந்தயம் எல்லாம் கட்டியிருக்கா போல."

"ஒரு நிமிஷம் மச்சான், காத்துப் பார்த்துக்கறேன்."

வாசலுக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே ஒரு நடை மிதித்தார்.

டடக்.

பூதக்கண்ணாடிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அப்போது தெருமுனையிலிருந்து ஒரு கறுப்பு ரேஸ் சைக்கிள், பூனை நடக்கிற மாதிரி சத்தமே இல்லாமல் வந்து பக்கத்தில் நின்றது. மேலே கடைக்காரர்.

"ஏரிக்குப் போறதாச் சொன்னீங்களே சார். நானும் வரட்டுமா? எத்தனை வருஷம் ஆச்சு போயி."

"இது எந்த வண்டி?"

"நீங்க கழட்டிப் போட்டதுதான் சார். சும்மா கிடக்குதேன்னு ஒண்ணா மாட்டினேன்."

பூதக்கண்ணாடி அந்தப் பழைய பெடலை, பழைய செயினை, தான் திருடன் என்று தீர்ப்புச் சொன்ன பிரேமை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இறங்குங்க."

ஏறினார். மிதித்தார். டடக்.

அவர் முகம் பிரகாசமாகிவிட்டது. "கேட்டீங்களா? கேட்டீங்களா இல்லையா? நான் ஆரம்பத்துலேருந்து இந்த வண்டியிலதான் கோளாறுன்னு சொன்னேன்."

"ஆனா மாமா, புது வண்டியிலயும் வந்துச்சே" என்றான் மைத்துனன்.

"அதான், ரெண்டுமே சரியில்ல. நீ இங்கயே இரு."

பெருமை ஒரு மாடிக்குக்கூடத் தாங்கவில்லை. ஏரிக்குப் போக முடியாது என்பது உறைத்தது. ஓடும் இயந்திரம், கிடார், நீச்சல் கண்ணாடி, அடுத்தது சைக்கிள். இனி எதை ஆசைப்பட்டாலும் வீட்டில் யாரும் நம்பப்போவதில்லை. மனைவியிடம் என்ன சொல்வது என்று வாய்விட்டு ஒத்திகை பார்த்தபடியே ஏறினார். மணியில் கை வைக்கும் முன் கதவு திறந்தது. அந்த நிலையிலும் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

"அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"வண்டி சரியில்லம்மா. உங்கிட்ட மறைச்சுட்டேன்." எல்லாவற்றையும் கொட்டினார். பெடல், பேரிங், செயின், சக்கரம், பிரேம். "அத்தனையும் மாத்தியாச்சு. இன்னும் வலது பக்கம் ஒவ்வொரு மிதிக்கும் டடக், டடக்னு வருது. எங்கிருந்துதான் வருதோ, ஒரு வல்லுனராலயும் கண்டுபிடிக்க முடியல."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே ஏதோ பாத்திரம் கைதவறி விழுந்தது.

பாவம், அவளுக்கே அழுகை வந்துவிட்டது என்று பூதக்கண்ணாடி உருகினார்.

சோபாவில் படுத்திருந்த மகள், கையிலிருந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"அது உங்க வலது முட்டிப்பா. நீங்க படியேறினா மூணு மாடிக்கும் கேக்கும், அதை வச்சுத்தானே அம்மா இத்தனை வருஷமா கதவைத் திறக்கறாங்க."