பலகைக்கு அந்தப் பக்கம்

"நான் சொல்றதை முழுசாக் கேளுங்க..."

"கேட்டுக்கிட்டுதானே இருக்கேன், கல்யாணம் ஆனதுலேர்ந்து வேற என்ன..."

"அவ வந்து ஆறு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள..."

"கொஞ்சம் சத்தத்தைக் குறை. முள்ளு ஆடுது."

கடைசியாகச் சொன்னவர் கணவர். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். வீட்டின் முன்னறைதான் கடை. ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, எள்ளளவு திருகாணி ஒன்றை இடுக்கியில் பிடித்திருந்தார். மனைவி மூச்சு விட்டதில் அது எங்கோ பறந்துவிட்டது.

மனைவி நாலாம் வகுப்பு 'ஏ' பிரிவு டீச்சர். பாடம் வாசிக்க ஆரம்பித்தால் ராஜாவுக்கு ஒரு குரல், நரிக்கு ஒரு குரல், இடி மழைக்குத் தனியாக ஒரு குரல் என்று வாசல் கேட் வரைக்கும் கேட்கும். பிள்ளைகள் அவளுக்கு 'ரேடியோ டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. பிடிக்கவில்லை.

'பி' பிரிவுக்கு வந்திருக்கும் புது டீச்சருக்குப் பேச்சே தொண்டைக்குள்தான். எதிரில் நின்று பேசினாலும் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வகுப்புக்கும் நடுவே சுவர்கூடக் கிடையாது, ஒரு மரப்பலகைத் தடுப்புதான்.

"இப்ப என்னதான் நடந்துச்சு?" என்றார் கணவர், தரையில் திருகாணியைத் தேடிக்கொண்டே.

நடந்தது இதுதான். ஹெச்.எம். இரண்டு வகுப்புக்கும் வந்தார். எறும்பைப் பற்றிய பாடம். பெரியவர்களுக்கே நாக்கு புரளாத பாடம். முதலில் 'ஏ' பிரிவு.

"எறும்பு ஏம்ப்பா வரிசையாப் போகுது?"

முதல் பெஞ்சுப் பையன் எழுந்தான். "தடம் என்றால் சுவடு. சுவடு என்றால் அடையாளம். அடையாளம் என்றால்..."

"சரி சரி. எறும்பு ஏன் வரிசையாப் போகுது?"

"அது கேள்வி-பதில்ல இல்லை, மேடம்."

அப்புறம் 'பி' பிரிவு. அங்கே ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்து, ஹெச்.எம்.மையே திருப்பிக் கேட்டாளாம்: "முன்னால போற எறும்பு விட்ட தடத்தைப் பிடிச்சுத்தானே மத்ததெல்லாம் வருது? தன் பின்னால இத்தனை பேர் வர்றது அந்த முதல் எறும்புக்குத் தெரியுமா, மேடம்?"

ஹெச்.எம். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். ஆசிரியர் அறைக்கு வந்து எல்லார் முன்னாலும் சொன்னார்: "அடுத்த வருஷம் நாலாவதுக்கு ஒரே பிரிவுதான். மாசக் கடைசியில புதுசா ஒரு பாடம் குடுப்பேன். எந்தப் பிள்ளைங்க புரிஞ்சு வாசிக்குதோ, அந்த டீச்சருக்கு நாலாவது. இன்னொருத்தர் எல்.கே.ஜி.க்குப் போயிடுங்க."

"எல்.கே.ஜி. நல்லதுதானே. பாட்டு, பொம்மை..."

"மூக்கு, டவுசர். அதையும் சொல்லுங்க."

"நேராப் போய் அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுடேன், எப்படிம்மா சொல்லிக்குடுக்குறேன்னு."

"நானா? அவகிட்டயா?"

கணவர் பூதக்கண்ணாடியோடு நிமிர்ந்து பார்த்தார். அதற்குமேல் பேசினால் கடையை மூட வேண்டி வரும் என்று தெரிந்து, மறுபடி குனிந்துகொண்டார்.

மறுநாள் ரேடியோ டீச்சர் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தடுப்பின் ஓரமாகப் போய் நின்றாள். அந்தப் பக்கம் ஒரு சத்தம் இல்லை. பிள்ளைகள் இருக்கிறார்களா என்றே சந்தேகம் வந்துவிட்டது. ஒன்பது வயசுப் பிள்ளைகள் இப்படி இருக்குமா? வயிறு எரிந்தது. பையிலிருந்து டம்ளரை எடுத்துப் பலகையில் வைத்து, அதில் காதை வைத்தாள். அப்போதும் ஒன்றுமில்லை. பலகையோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

டீச்சர் செய்தால் பாடம்தானே. 'ஏ' பிரிவு மொத்தமும் எழுந்து வந்து, தண்ணீர் பாட்டில் மூடியைப் பலகையில் வைத்துக் காதை ஒட்டிக்கொண்டது. இடம் கிடைக்காத ஒருவன் கரும்பலகையில் வைத்துக் கேட்டான்.

அந்த நேரம் பார்த்து ஹெச்.எம். வாசலில் நின்றார்.

"என்ன டீச்சர் பாடம்?"

"ஒலி, மேடம்."

"இது தமிழ் வகுப்பாச்சே?"

"தமிழ்லதான் மேடம், ஒலி."

ஹெச்.எம். ஏதோ குறித்துக்கொண்டு போனார்.

அமைதிதான் புது டீச்சருடைய வித்தை என்று ரேடியோ டீச்சர் முடிவுகட்டினாள். மறுநாள் முதல் அவளும் வாசிப்பதை விட்டுவிட்டாள். "எல்லாரும் மனசுக்குள்ளயே வாசிங்க. யோசிங்க." மேசையில் கன்னத்தை ஊன்றி அவளும் உட்கார்ந்துகொண்டாள். பலகைக்கு இந்தப் பக்கமும் சத்தமில்லை, அந்தப் பக்கமும் சத்தமில்லை. கடைசி பெஞ்சில் ஒருவன் தூங்கி விழுந்த சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் கேட்டது.

பொறுக்க முடியவில்லை. ஆயாவைக் கூப்பிட்டாள்.

"சாக்பீஸ் குடுக்குற மாதிரி உள்ள போ. என்ன பண்றான்னு பார்த்துட்டு வா."

"எதுக்கு டீச்சரம்மா? கதவு திறந்துதானே கிடக்கு, நீங்களே எட்டிப் பாக்கலாமே."

"போன்னா போ."

ஆயா போய்விட்டு வந்தாள். "ஒண்ணுமே நடக்கலை. எல்லாம் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்குங்க. டீச்சரும்தான்."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"ஆமா. நான் போனதுகூடத் தெரியலை. டப்பாவை வச்சுட்டு வந்துட்டேன்."

அப்படிப் போடு, என்று நினைத்தாள் ரேடியோ டீச்சர். தியானம். இவ்வளவு நாளாக மூடி மறைத்தது இதைத்தான். அன்றைக்கே 'ஏ' பிரிவு புத்தகத்தைத் திறந்து வைத்துக் கண்ணை மூடியது. மூச்சை இழுத்தது, விட்டது. அடுத்த வாரம் ஓர் அம்மா வாசலில் வந்து நின்றாள்.

"என்ன டீச்சர் இது? புத்தகத்தைக் கையில குடுத்தாலே கண்ணை மூடிக்கிறான். டாக்டர்கிட்டக் காட்டினோம். கண்ணு நல்லாத்தான் இருக்குங்கறார்."

"பழகப் பழகச் சரியாயிடும்."

"எது? கண்ணா?"

மாசக் கடைசி வந்தது. இரண்டு பிரிவையும் ஒரே அறையில் உட்கார வைத்து, ஹெச்.எம். வௌவாலைப் பற்றி ஒரு பாடம் கொடுத்தார். இருட்டில் முட்டாமல் மோதாமல் அது எப்படிப் பறக்கிறது என்று. தாளைக் கையில் வாங்கியதும் 'ஏ' பிரிவு ஒரே சமயத்தில் கண்ணை மூடிக்கொண்டது. ரேடியோ டீச்சருக்குத் தரை விலகி வழி விட்டால் தேவலை என்றிருந்தது. எல்.கே.ஜி.யின் குட்டி நாற்காலிகள் கண்முன் வந்து நின்றன.

"பி பிரிவு, நீங்க வாசிங்க," என்றார் ஹெச்.எம்.

ரெட்டைப் பின்னல் எழுந்தது. மேட்டில் ஏறும் வண்டிபோல எழுத்தெழுத்தாகத் திணறியது.

"என்ன புரிஞ்சுது?"

அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பக்கத்துப் பெண்ணும் முழித்தாள். புது டீச்சர் எதையோ சொல்ல வாயெடுத்தாள். வழக்கம்போல ஒருவருக்கும் கேட்கவில்லை.

"அன்னைக்கு எறும்புல என்னைத் திணற அடிச்ச பிள்ளைங்களா இது?" ஹெச்.எம். தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு பேரையுமே எல்.கே.ஜி.க்கு அனுப்பலாம்போல இருக்கு. அடுத்த வாரம் இன்னொரு தடவை வருவேன். அதுதான் கடைசி."

ரேடியோ டீச்சருக்குத் தன் தோல்வி அப்போதே மறந்துவிட்டது. அவளும் கவிழ்ந்தாளே, அது போதும். பலநாள் எரிந்த வயிற்றில் யாரோ ஐஸ் கட்டியை வைத்ததுபோல இருந்தது. குழாயடியில் சாக்பீஸ் கையைக் கழுவிக்கொண்டே ஏதோ ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தாள்.

முந்தானையை யாரோ மெல்ல இழுத்தார்கள். ரெட்டைப் பின்னல்.

"டீச்சர், உங்களுக்குத் தொண்டை சரியாயிடுச்சா?"

"என் தொண்டைக்கு என்ன?"

"கட்டிக்கிச்சுன்னு எங்க டீச்சர் சொன்னாங்க. நல்லாகட்டும், அதுவரைக்கும் காத்துக்கிட்டிருப்போம்னாங்க."

"எதுக்குக் காத்துக்கிட்டு?"

"நீங்க பாடம் வாசிக்கிறப்ப நாங்க கண்ணை மூடிக்கிட்டுக் கேப்போம், அப்புறம் அதைப் பத்தித்தான் எங்க டீச்சர் எங்களைப் பேச விடுவாங்க. அவங்களே வாசிச்சும் பார்த்தாங்க, உங்களை மாதிரி வரலை. நாளைக்காவது சத்தமா வாசிப்பீங்களா, டீச்சர்?"