வாசலை உயர்த்திய வாத்தியார்

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் வீடும் ஈரமாக இருந்தாலும் நலம். அங்கு நீங்களும், கோபித்துக்கொண்டு வந்திருக்கும் உங்கள் தங்கையும் நலம் என்று நம்புகிறேன். அவளைச் சீக்கிரம் அனுப்பி வையுங்கள் என்று கேட்கவே இக்கடிதம்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவன் நான். மனிதன் சூழலை மாற்றுகிறான், சூழல் மனிதனை மாற்றுகிறது என்று கரும்பலகையில் எழுதாத வருடமில்லை. அந்தத் திமிரில்தான், மழைக்குத் தெருத் தண்ணீர் முற்றத்துக்குள் வருகிறதே என்று நாலு லோடு மண் அடித்து முற்றத்தை உயர்த்தினேன். உங்க தங்கச்சி அப்பவே, "வாசப்படியைப் பாத்துக்கோங்க"ன்னா. "எனக்கே பாடமா?"ன்னு கேட்டுட்டேன். எதிர்வீட்டு டெய்லர் பாத்தார். "புவியியல் சாரே மண்ணு கொட்டுறார், விஷயம் இல்லாமலா?"ன்னு அவரும் கொட்டினார். அவரைப் பாத்து பக்கத்து வீட்டு நர்ஸம்மா. எல்லார் முற்றமும் மேடாச்சு, தெருத் தண்ணி போக இடமில்லாம மறுபடி எங்கிட்டயே வந்துச்சு. விடுவேனா? இன்னும் ரெண்டு லோடு. சுத்துச்சுவரு வேற.

போன வாரம் மழை கொட்டுச்சு மச்சான். தெருத் தண்ணி ஒரு சொட்டு உள்ள வரலை, சத்தியமா. எங்க முற்றத்துல பெய்ஞ்ச மழை மட்டும், சுவரைத் தாண்டி வெளிய போக வழியில்லாம, முற்றம் வாசப்படியைவிட உசந்துட்டதால நேரா கூடத்துக்கு வந்து, அடுப்படியில எட்டிப் பாத்து, கட்டிலுக்கடியில தங்கிடுச்சு. யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குமாம். அதுவாவது ஓசியில போட்டுக்குது, நான் லாரி வாடகை கொடுத்துப் போட்டுக்கிட்டேன்.

அதுக்குக்கூட அவ கோவிச்சுக்கலை. கணுக்கால் தண்ணியில அவ அரிசி டப்பாவைத் தூக்கிட்டு நிக்கிறா, நான் நாற்காலி மேல ஏறி நின்னு, தண்ணி ஏன் இந்தப் பக்கமா சரியுதுன்னு விளக்கிட்டிருக்கேன். "பாடம் முடிஞ்சா சொல்லியனுப்புங்க"ன்னு பையை எடுத்தவதான்.

இப்ப சுவரை உடைச்சாச்சு. மண்ணையும் கூடை கூடையா நானே அள்ளிட்டேன். இடுப்பு போச்சு. அவ இல்லாத வீட்டுல பேச ஆளில்லாம சுவரோடதான் பேசிட்டிருந்தேன், இப்ப அதுவும் இல்லை. நிஜமாவே கஷ்டமா இருக்கு மச்சான். இனி ஜென்மத்துக்கும் அவளிடம் எதையும் விளக்க மாட்டேன் என்று நான் சத்தியம் செய்ததாகச் சொல்லுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

வற்றாத அன்புடன்,
உங்கள் மைத்துனன்

பி.கு.: சரிவு டெய்லர் வீட்டுப் பக்கம் இருக்க, உடைச்ச சுவர் வழியாப் போன தண்ணி ஏன் நர்ஸம்மா வீட்டுப் பக்கம் திரும்புச்சுங்கறதுக்கு ஒரு அருமையான காரணம் இருக்கு. படம் போட்டு நாலு பக்கம் எழுதி இதோட வெச்சிருக்கேன். அவ வண்டி ஏறுறதுக்கு முன்னாடி நிதானமாப் படிச்சுக் காட்டுங்க. சந்தேகம் இருந்தா நேர்ல வந்து கேட்டுக்கட்டும்.