மலாவியிலிருந்து திரும்பிய மகனைப் பற்றி உரக்கடை ஆசீர்வாதம் எழுதிக்கொள்வது

விளாத்திகுளம்,
விதைப்பு மழை விழுந்து மூன்றாம் வாரம்.

கிறிஸ்துவுக்குள் மரியாதைக்குரிய மிஷன் செயலாளர் தவசிங் ஐயா அவர்கள் சமுகத்திற்கு, தங்கள் மிஷனால் மலாவி நாட்டுக்கு ஊழியத்துக்கு அனுப்பப்பட்டு, இப்போது விடுமுறையில் வீடு வந்திருக்கும் நேசகுமாரின் தகப்பனார் ஆசீர்வாதம் மிகுந்த ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் மனைவி எப்சிபாயும் கர்த்தருடைய கிருபையால் சுகம். தங்கள் சுகத்தையும் தங்கள் வீட்டார் சுகத்தையும் அறிய ஆவல்.

மேலே உள்ள கடைசி வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அந்த வரியை எழுதிவருகிறேன். அந்த ஆவல் எனக்கு நிஜமாகவே இருக்கிறதா என்று ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. இப்போது வந்துவிட்டது. காரணம், தாங்கள் திருப்பி அனுப்பியிருக்கும் என் மகன். நான் அனுப்பிய பிள்ளை வேறு, வந்திருக்கும் பிள்ளை வேறு. போவதற்கு முன்பெல்லாம் அவன் பைக்கை நிறுத்தாமலே நாலு பேருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போகிறவன். இப்போது ஒரே ஒரு ஆளைப் பார்த்தால்கூட அங்கேயே நின்றுவிடுகிறான். அந்த ஜனங்களுக்குப் போதிக்கத்தானே தாங்கள் அவனை அனுப்பினீர்கள். அவர்கள் இவனை என்ன செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே இவ்வளவும் எழுதுகிறேன்.

கோவில்பட்டி ஸ்டேஷனில் அவனைக் கூப்பிடப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஓர் ஆட்டோவைப் பேசி, பெட்டியை உள்ளே தள்ளி, நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவன் ஏறவில்லை. ஆட்டோக்காரர் முகத்தைப் பார்த்து, "அண்ணாச்சி, இன்னைக்கு எப்படி எந்திரிச்சீங்க?" என்று கேட்டான். ஏறுங்க சார் என்றார் அவர். இவன் கையைக் கட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தான். அவர் என்னைப் பார்த்தார். பையன் வெளிநாட்டிலிருந்து வருகிறான் என்று நான் சைகை காட்டினேன். பிறகு அவருக்கு என்ன தோன்றியதோ, வண்டியை அணைத்துவிட்டு, முதுகுவலியோடு எழுந்ததாகச் சொன்னார். முதுகுவலிக்குக் காரணம் தரையில் படுத்தது. தரையில் படுத்ததற்குக் காரணம் கட்டிலைப் பார்த்தால் மனைவி ஞாபகம் வருவது. மனைவி ஒரு ஃப்ரிட்ஜ் தகராறில் சாத்தூருக்குத் தாய் வீடு போய்விட்டாளாம். இதெல்லாம் முடிவதற்குள் விளாத்திகுளம் பஸ் போய்விட்டது, அதற்கடுத்த பஸ்ஸும் போய்விட்டது. இறங்கும்போது ஆட்டோக்காரர் காசு வேண்டாம் என்றார். நான் வற்புறுத்திக் கொடுத்தேன், அந்த ஃப்ரிட்ஜ் என் மனதைவிட்டுப் போகவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து, இது என்ன பழக்கம்டா என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், சரிதானா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும். அவன் இருந்த ஊரில் ஒரு மனிதரைக் காலையில் பார்த்தால் எப்படி எழுந்தீர்கள் என்று கேட்டு, அவர் சொல்வதைக் கேட்டு, அவர் திருப்பிக் கேட்க இவர் சொல்லி முடித்த பிறகுதான் மற்றப் பேச்சாம். இது தெரியாமல் என் மகன் போன புதிதில் கிதாரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே பிரசங்கத்தைத் தொடங்கியிருக்கிறான். ஜனங்களும் மரியாதையாக உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் பேசி, ஜெபம் செய்து, ஆமென் சொல்லி முடித்ததும், முன்னால் இருந்தவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எப்ப வந்தீங்க?" என்று கேட்டாராம். ஒரு சோள அறுவடை முடிகிறவரைக்கும் எல்லா ஊரிலும் இதே கதை. அதாவது ஐயா, எங்கள் சபை உபவாசமிருந்து காணிக்கை சேர்த்து அனுப்பிய மிஷனரி, ஊருக்குள் வந்து சேராமலே ஒரு பருவம் முழுக்கப் பிரசங்கம் செய்திருக்கிறான்.

எனக்கு இதில் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. அந்த நாட்டில் கடைகளை எத்தனை மணிக்குத் திறப்பார்கள்? ஊருக்குள் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே வந்தால் என்ன செய்வார்கள்? சரியாகத் தூங்காதவரைக் கேட்டால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், ஏதாவது வரம்பு உண்டா? வீடு தீப்பிடித்தால் அப்போதுமா கேட்பார்கள் என்று மகனிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "அணைச்ச பெறகு கேப்பாங்கப்பா" என்றான்.

வந்த மறுநாளே அவனைக் கடையில் உட்காரவைத்தேன். இதில் எனக்கு ஓர் உள்நோக்கம் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி என்பது தாங்கள் அறிந்ததே. மழை விழுந்து மண்ணில் ஈரம் இருக்கும்போதே விதைத்தாக வேண்டும். அந்த நாட்களில் என் கடை வாசலில் வரிசை பக்கத்துக் கூல்டிரிங்க்ஸ் கடையைத் தாண்டி நிற்கும். இப்போது உர மூட்டை கொடுப்பதென்றால் ஆதார் நம்பரைப் போட்டு, மிஷினில் பெருவிரலை வைத்து, சிக்னல் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். கரிசல் மண்ணில் வேலை செய்து தேய்ந்த விரலை மிஷின் லேசில் ஒத்துக்கொள்ளாது. அந்த இடைவெளி போதாதா என் மகனுக்கு?

முதலில் சிக்கியவர் நாகலாபுரத்து மணிராஜ். வருஷக்கணக்கில் என்னிடம் உரம் வாங்குகிறவர். அவரைப் பார்த்தால் நல்லாயிருக்கீகளா என்பேன், இருக்கேன் அண்ணாச்சி என்பார், அதோடு சரி. நேசகுமார் கேட்டதும், "எங்க தம்பி எந்திரிக்க, படுத்தால்ல எந்திரிக்கதுக்கு" என்று ஆரம்பித்தார். விதைத்த மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி கிளறித் தின்பதால், அதை விரட்ட ராத்திரி முழுக்கப் புஞ்சைக் காட்டில் நின்று தகரம் தட்டுகிறாராம். பக்கத்துக் காடு அவருடைய சொந்தத் தம்பியுடையது. வரப்புத் தகராறில் இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. தம்பியும் விடிய விடியத் தகரம் தட்டுகிறார். இவர் தட்டினால் பன்றி அங்கே போகிறது, அவர் தட்டினால் இங்கே வருகிறது. இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்க தம்பி எப்படி எந்திரிச்சாரு என்று கேட்டான் என் மகன். மணிராஜ் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் அண்ணனும் தம்பியும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். இப்போது இரண்டு காட்டுக்கும் சேர்த்து முறைவைத்துத் தட்டுகிறார்களாம், தினமும் ஒருவராவது தூங்குகிறார். நல்ல காரியம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு வரிசையில் நின்ற பாதிப்பேர் எதிர்க்கடை மணிகண்டபிரபுவிடம் போய்விட்டார்கள்.

அடுத்து பத்திரகாளி என்ற அம்மாள். டிஏபி உர மூட்டை வாங்க வந்தவர். புருஷன் இறந்த பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் வேண்டும் என்பதற்காக டிவியை ஓடவிட்டுப் படுப்பதாகவும், என்றைக்காவது கரண்ட் போய்விட்டால் உடனே விழிப்பு வந்துவிடுவதாகவும் சொன்னார். சொல்லி முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, "நான் வாரேன்யா, மனசு லேசா இருக்கு" என்று மூட்டையை மறந்து போய்விட்டார். கடைப் பையன்கள் யாரும் இல்லாததால் நானே அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பின்னால் போனேன். எதிர்க்கடை மணிகண்டபிரபு இந்தக் கூட்டத்தைப் பார்த்து, நான் யூரியாவைப் பதுக்கி வைத்து விற்கிறேன் என்று நினைத்து உளவு பார்க்க வந்தார். வந்தவரையும் இவன் கேட்டுவிட்டான். என் கடையை நினைத்துத்தான் தினமும் திடுக்கிட்டு எழுவதாக அவர் சொன்னார். நானும் அவர் கடையை நினைத்துத்தான் எழுகிறேன் என்பது அவருக்கு எங்கே தெரியும்? பேச்சோடு பேச்சாகத் தன் கொள்முதல் விலையையும் சொல்லிவிட்டார். இந்த மொத்த விவகாரத்தில் எனக்குப் பிரயோஜனப்பட்டது அது ஒன்றுதான்.

சபையிலும் இதே கூத்து. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஊழிய அனுபவம் சொல்லும்படி போதகர் அவனைக் கூப்பிட்டார். சிங்கம் வரும், சூனியக்காரன் வருவான், மனந்திரும்புவான் என்று எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நானும் புதுச்சட்டை போட்டு முன்வரிசையில் இருந்தேன். இவன் பிரசங்க பீடத்தில் ஏறி, எல்லாரும் எப்படி எழுந்தீர்கள் என்று கேட்டுவிட்டு நின்றான். போதகர் தொண்டையைச் செருமினார். பின்வரிசையில் செல்வமாரி என்று ஒரு பெண், தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலைக்குப் போகிறவள், எழுந்து நின்று, பிள்ளைக்குக் காய்ச்சல், அதனால் எழவே மனமில்லாமல் எழுந்தேன் என்று சொல்லி உட்கார்ந்தாள். அதன் பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. ஆராதனை முடியும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. சபையில் பாதி வீடுகளில் அன்று கறி தீய்ந்துபோனது. காணிக்கை எடுக்க மறந்துபோனது போதகருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

இப்போது என் விண்ணப்பத்துக்கு வருகிறேன். புதுவருஷம் பிறந்ததும் நேசகுமாரை மறுபடியும் மலாவிக்கு அனுப்பப்போவதாக அறிகிறேன். ஐயா, தயவுசெய்து அனுப்ப வேண்டாம். இங்கே கரிசல்காட்டில் ஊழியத்துக்கு என்ன குறைச்சல்? எட்டயபுரம், புதூர், எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவான். அவனைக் கடையில் உட்காரவைத்ததே வியாபாரம் பிடித்துப்போய்த் தங்கிவிடுவான் என்றுதான். இதை நான் அவனிடம் கேட்க முடியாது. அவனை அனுப்பிய ஆராதனையில் பீடத்துக்கு முன்னால் நின்று, என் ஒரே மகனைக் கர்த்தருக்குக் கொடுத்துவிட்டேன் என்று மைக்கில் சொன்னவன் நான். சபையே அழுதது. கொடுத்ததை எந்த வாயால் திருப்பிக் கேட்பது? ஆகையால் இது மிஷன் எடுத்த முடிவுபோல இருக்கட்டும். விசா கிடைக்கவில்லை என்றாலும் சரி, நிதி இல்லை என்றாலும் சரி. நான் எழுதியது அவனுக்குத் தெரிய வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லாரும் அவனுக்குப் பதில் சொல்லிவிட்டார்கள், நான் சொல்லவில்லை. தினமும் காலையில் நான் பால் வாங்கப் புறப்படும்போது என்னிடமும் கேட்கிறான். நல்லாத்தான் என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியோடு படியிறங்கிவிடுகிறேன். அதை அவன் பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை போலிருக்கிறது, மறுநாளும் கேட்கிறான். நின்று பதில் சொன்னால் இந்தக் கடிதம் முழுவதும் வாய்வழியாக வந்துவிடும் என்று எனக்குப் பயம்.

தங்கள் துணைவியாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸ்தோத்திரங்கள். தங்கள் மிஷனின் எல்லாப் பணித்தளங்களையும் கர்த்தர் விருத்தியாக்குவாராக, எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ளவற்றை முதலாவதாக.

இப்படிக்கு,
கிறிஸ்துவின் ஊழியத்தைத் தாங்கும்,
தே. ஆசீர்வாதம்.

பின்குறிப்பு: நேற்று ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று காலை தூக்குவாளியை எடுக்கும்போது அவன் வழக்கம்போலக் கேட்டான். எனக்கு என்ன வந்ததோ, வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். "நீ போயிருவியேன்னுதாம்ல எந்திரிச்சேன். நீ வந்த நாள்ல இருந்து அப்படித்தான் எந்திரிக்கேன்" என்றேன். சொல்லி முடித்த பிறகு எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதனால், "நீ எப்படிலே எந்திரிச்ச?" என்று கேட்டுவைத்தேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. "இங்கன வந்ததுல இருந்து யாருமே என்னைக் கேக்கலப்பா" என்றான். நிஜம்தான் ஐயா. ஆட்டோக்காரர் சொன்னார், மணிராஜ் சொன்னார், சபை முழுக்கச் சொன்னது, ஒருவர்கூட அவனைத் திருப்பிக் கேட்கவில்லை. பெற்ற நானும் கேட்கவில்லை. பிறகு சொன்னான்: "விடியக்காலைல முழிச்சதும் இது எந்த ஊருன்னு தெரியாமக் கெடக்கேன். ஒங்க இருமல் கேக்கும். சரி, நம்ம வீடுதான்னு நெனைப்பேன். ஆனாலும் அங்கன கெணத்துக்குப் போற வழியில என்னைக் கேக்குறதுக்கு ஆளுக காத்துக்கிட்டு இருப்பாங்களேன்னு தோணும். போகணும்போல இருக்குப்பா. ஒங்ககிட்ட எப்படிச் சொல்லன்னுதான் தெரியல."

ஆகவே மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடவும். அவனுக்கு டிக்கெட் போடவும். எப்சிபாயிடம் இன்னும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் அவள் இன்றைக்கு எப்படி எழுந்தாள் என்று கேட்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளைக் கேட்டதே இல்லை, அதனால் பதில் நீளமாகத்தான் இருக்கும். கடை இன்று திறக்குமா என்று சொல்வதற்கில்லை.